நீருக்குள் ஓரிடத்தில் நிற்க வைப்பது: வீட்டில் செய்த ரோபோவின் கட்டுப்பாட்டு அமைப்பு

நான் கட்டிய நீருக்கடி ரோபோவை முதன்முறையாக ஒரு நீச்சல் குளத்தில் இறக்கி, 1.5 மீட்டர் ஆழத்தில் தானாக நிற்கும்படி கட்டளையிட்டபோது, அது நிற்கவில்லை. 30 சென்டிமீட்டர் மேலேறும்; பிறகு ஏறக்குறைய அதே அளவு கீழிறங்கும்; மீண்டும் ஏறும். அன்று மாலை வரை கரையில் மடிக்கணினியுடன் அமர்ந்து பிஐடி கட்டுப்பாட்டின் (இலக்கிலிருந்து உள்ள விலகல், அதன் கூட்டுத்தொகை, மாற்ற வேகம் ஆகிய மூன்றையும் கொண்டு உந்துவிசையைத் தீர்மானிக்கும் முறை) மூன்று எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஊசலாட்டத்தின் வேகமும் வீச்சும் மாறினவே தவிர, ஊசலாட்டம் அடங்கவில்லை. கோளாறு அந்த எண்களில் இல்லை என்று உணர்வதற்கு எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன. கட்டுப்பாட்டு அமைப்பு என்றவுடன் நம் மனம் சமன்பாட்டின் பக்கம் போகிறது. ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுத எனக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதற்குள் நுழையும் அளவீடுகளையும், அதிலிருந்து வெளியேறும் கட்டளைகளையும் நம்பத் தகுந்தவையாக ஆக்குவதற்குத்தான் எட்டு மாதங்கள் செலவாயின. இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்த எட்டு மாத வேலையைப் பற்றியே.

முதலில் பொறியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எடை ஏறத்தாழ 9 கிலோகிராம். பிளாஸ்டிக் குழாய்ச் சட்டகத்தின் மேற்பகுதியில் மின்னணுச் சாதனங்கள் அடங்கிய ஒளிபுகும் அக்ரிலிக் உருளையும், கீழ்ப்பகுதியில் பேட்டரி உருளையும் பொருத்தப்பட்டுள்ளன. காற்று நிறைந்த உருளை மேலும், எடை மிகுந்த பேட்டரி கீழும் இருப்பதால் மிதப்பு மையம் ஈர்ப்பு மையத்துக்கு மேலே அமைகிறது. ரோபோ சாய்ந்தாலும் தானாகவே நிமிர்ந்துவிடும். இந்த ஓர் அமைப்பினால், சாய்வைக் கட்டுப்படுத்தும் நிரலை நான் எழுதவே தேவையில்லாமல் போயிற்று. கிடைமட்டமாக 45 பாகைக் கோணத்தில் நான்கு உந்திகள் (மோட்டாரால் சுழலும் விசிறிகள்), செங்குத்தாக இரண்டு உந்திகள். உந்திகளையும் உணரிகளையும் (சென்சார்கள்) அர்டுவினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை கவனித்துக்கொள்கிறது. கேமராவை ஒரு ராஸ்பெர்ரி பை கணினி கவனித்துக்கொள்கிறது. கரையிலிருந்து ஜாய்ஸ்டிக் வழியே இயக்க, 20 மீட்டர் நீள வடம் ஒன்று.

வடம் இல்லாமல் கம்பியில்லா முறையில் இயக்க முடியாதா என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை நீர் மிக விரைவாக உறிஞ்சிவிடுகிறது. சில பத்து சென்டிமீட்டர் ஆழத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். ஒலி அலைகள் நெடுந்தூரம் செல்லும் என்றாலும், நேரடிக் காணொளியைச் சுமந்து செல்லும் வேகம் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே, வடத்தைத் தவிர்க்க நினைத்து நேரத்தைச் செலவிட வேண்டாம்.

அந்த வடத்தின் வழியாகவே மின்சாரத்தையும் அனுப்பலாம் என்று நான் எண்ணியது முதல் பெரிய தவறு. கரையில் 12 வோல்ட் பேட்டரி, 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள செம்புக் கம்பி. மேசைமேல் ஒவ்வோர் உந்தியையும் தனித்தனியாகச் சில வினாடிகள் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தென்படவில்லை. நீரில் நான்கு உந்திகளையும் சேர்த்து முன்னோக்கிச் செலுத்தியவுடன் கட்டுப்பாட்டுப் பலகை அணைந்து, மீண்டும் தொடங்கி, மீண்டும் அணைந்தது. கணக்கு எளியது, முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தடிமனுள்ள கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.0117 ஓம். மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியதால் கம்பியின் நீளம் 40 மீட்டர். மொத்தத் தடை 0.47 ஓம். உந்திகள் 12 ஆம்பியர் இழுக்கும்போது கம்பியிலேயே 5.6 வோல்ட் இழக்கப்படுகிறது. ரோபோவை அடைவது 6.4 வோல்ட் மட்டுமே. பலகைக்கு 5 வோல்ட்டைத் தரும் 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கிக்குக் குறைந்தது 7 வோல்ட் அளவுக்காவது உள்ளீடு தேவை என்பதால், பலகை அணைந்ததில் வியப்பில்லை.

கம்பியைத் தடிமனாக்கினால் வடம் கனமாகி ரோபோவையே பிடித்து இழுக்கும். ஆகவே 14.8 வோல்ட் லித்தியம் பாலிமர் பேட்டரியை ரோபோவுக்குள்ளேயே வைத்தேன். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ், கட்டுப்பாட்டுப் பலகைக்கெனத் தனியாக ஒரு மின்னழுத்த மாற்றி, அதன் வெளியீட்டில் ஒரு பெரிய கெபாசிட்டர் ஆகியவற்றைச் சேர்த்த பிறகு பலகை மறுதொடக்கம் ஆவது நின்றுபோனது. ஓர் எச்சரிக்கை: மூடி இறுக்கப்பட்ட உருளைக்குள் வைத்துக்கொண்டே லித்தியம் பேட்டரியை மின்னேற்றம் செய்யக்கூடாது. ஏதேனும் கோளாறால் அது வாயுவை வெளியிட்டால் அந்த வாயு வெளியேற வழியிருக்காது, உருளை வெடிக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்து மின்னேற்றம் செய்வது சலிப்பூட்டும் வேலைதான், என்றாலும் இதில் குறுக்குவழியை நாட வேண்டாம்.

இப்போது வடத்தில் செல்வது தகவல் மட்டுமே. நான்கு இணைகள் கொண்ட சாதாரண ஈதர்நெட் கேபிளைப் பயன்படுத்தினேன். 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு இணைகளே போதும் என்பதால் அவை காணொளிக்குப் போயின. மூன்றாவது இணையைக் கட்டுப்பாட்டுக் கட்டளைகளுக்கு ஒதுக்கினேன். முதலில் அர்டுவினோவின் தொடர்வரிசைக் கால்களையே நேரடியாக அந்த இணையில் இணைத்திருந்தேன். உந்திகள் ஓடாதபோது தரவு தெளிவாக வந்தது. ஓடத் தொடங்கியதும் குப்பையாக வந்தது. ஒரே பலகையில் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு உருவாக்கப்பட்ட சமிக்ஞையை 20 மீட்டர் இழுத்துச் சென்றதன் விளைவு அது. இரு முனைகளிலும் ஆர்எஸ்-485 சில்லுகளை வைத்து, இரு கடைசிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டரைப் பொருத்தியதும் பிழைகள் ஏறக்குறைய முற்றாக மறைந்தன. இந்த முறையில் செய்தி, இரண்டு கம்பிகளுக்கு இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டில் இருக்கிறது. உந்திகளின் இரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஒரே அளவில் பாதிப்பதால், வேறுபாட்டைக் கணக்கிடும்போது அந்த இரைச்சல் கழிந்துபோகிறது.

கட்டளைகளைக் கரைக் கணினி வினாடிக்கு 50 முறை அனுப்புகிறது. ஒவ்வொரு தரவுப் பொதியிலும் தொடக்கக் குறி, வரிசை எண், முன்-பின், பக்கவாட்டு, மேல்-கீழ், திரும்பல் ஆகிய நான்கு மதிப்புகள், இறுதியில் 16 பிட் சிஆர்சி சரிபார்ப்பு எண் ஆகியவை இருக்கும். சரிபார்ப்பு எண் பொருந்தாத பொதியை ரோபோ எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் தூக்கி எறிந்துவிடும். அடுத்தது 20 மில்லிவினாடியில் வந்துவிடப் போகிறது என்பதால், பழுதுபட்டதைத் திருத்த முயல்வதில் பயனில்லை.

வரிசை எண் எதற்கு என்பதை ஒரு விபத்து எனக்குக் கற்றுத் தந்தது. ரோபோ முன்னோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தபோது கரையிலிருந்த கனெக்டர் நழுவிவிட்டது. கடைசியாக வந்த கட்டளை "முழு வேகம்" என்பதால், ரோபோ அதையே பற்றிக்கொண்டு குளத்தின் சுவரில் மோதி, முன்பக்க உந்தி ஒன்றின் விசிறி உடைந்தது. அன்றிரவே, 500 மில்லிவினாடிக்குப் புதிய பொதி வராவிட்டால் எல்லா ஜாய்ஸ்டிக் கட்டளைகளையும் நடுநிலைக்குக் கொண்டுவரும் விதியை எழுதினேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். சில நாட்கள் கழித்துக் கரைக் கணினியில் ஜாய்ஸ்டிக்கைப் படிக்கும் பகுதி மட்டும் உறைந்துபோனது. பொதிகளை அனுப்பும் பகுதியோ தன்னிடமிருந்த பழைய மதிப்பையே வினாடிக்கு 50 முறை சரியான சரிபார்ப்பு எண்ணுடன் அனுப்பிக்கொண்டிருந்தது. ரோபோவைப் பொறுத்தவரை தொடர்பு மிக நன்றாக இருந்தது. இந்த முறை பக்கத்தில் நின்ற நண்பர் வடத்தைப் பிடித்து இழுத்து ரோபோவைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு, ஜாய்ஸ்டிக் உண்மையிலேயே புதிதாகப் படிக்கப்பட்டால் மட்டுமே வரிசை எண் உயரும்படி மாற்றினேன். வரிசை எண் நகரவில்லை என்றால், பொதிகள் எத்தனை வந்தாலும் ரோபோ அதைத் தொடர்பு அறுந்ததாகவே கொள்ளும். இயக்குபவரின் கை உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் ரோபோ அறிய வேண்டும். கம்பி உயிரோடு இருப்பது அதற்குச் சான்றாகாது. தொடர்பு 3 வினாடிகளுக்கு மேல் இல்லாவிட்டால் ஆழத்தைக் காக்கும் கட்டுப்பாடும் விலகி, ரோபோ மெல்ல மேலே மிதந்து வந்துவிடும். அர்டுவினோவின் நிரலே உறைந்துபோகும் நிலைக்காக, அதன் சில்லுக்குள் இருக்கும் கண்காணிப்புக் கடிகாரத்தை 250 மில்லிவினாடிக்கு அமைத்திருக்கிறேன்; நிரல் அந்த நேரத்துக்குள் தன் இருப்பைத் தெரிவிக்காவிட்டால் சில்லு தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும்.

அந்த மறுதொடக்கமும் எனக்கு ஒரு கண்ணியாக அமைந்தது. ஆழத்தை அளக்க எம்எஸ்5837 என்ற அழுத்த உணரியைப் பயன்படுத்துகிறேன். நீரில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிபார் அழுத்தத்துக்குச் சமம்; 30 பார் வரை அளக்கும் இந்தச் சிறிய உணரி 0.2 மில்லிபார் மாற்றத்தை, அதாவது 2 மில்லிமீட்டர் ஆழ மாற்றத்தைக்கூட உணர்ந்துவிடும். ஆனால் அது அளப்பது காற்றழுத்தமும் நீரழுத்தமும் சேர்ந்த மொத்தத்தை. வானிலையைப் பொறுத்துக் காற்றழுத்தம் 10 மில்லிபார் மாறினால் ஆழக் கணக்கு 10 சென்டிமீட்டர் பிசகிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அப்போதைய அழுத்தத்தைச் சுழியமாக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். ரோபோ 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது பலகை ஒருமுறை மறுதொடக்கம் ஆனது. உடனே அது அந்த 2 மீட்டர் ஆழத்தையே நீர்மட்டமாக எடுத்துக்கொண்டது. அதன் பிறகு "ஒரு மீட்டர் ஆழத்துக்குப் போ" என்றால் 3 மீட்டருக்குப் போக முயன்றது. இப்போது தொடக்க அழுத்தம் 950 முதல் 1050 மில்லிபார் வரை இருந்தால் மட்டுமே புதிய சுழியம் ஏற்கப்படும். இல்லாவிட்டால், நிலையான நினைவகத்தில் கடைசியாகச் சேமித்த சுழியத்தையே அது எடுத்துக்கொள்ளும். கடல்மட்டத்திலிருந்து மிக உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும் என்பதால், அங்கே பயன்படுத்துபவர்கள் இந்த எல்லைகளைத் தங்கள் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

உணரி உண்மை பேசுகிறதா என்பதைச் சோதிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மற்றொரு நிகழ்ச்சி காட்டியது. அழுத்த உணரி பயன்படுத்தும் ஐ2சி என்ற தொடர்பு முறை ஒரே பலகைக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக உருவானது. கம்பிகளின் மொத்தக் கொள்திறன் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் திறன்) 400 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் வரையறை. நீளமான கம்பியும் அருகில் ஓடும் உந்தி மின்னோட்டமும் அதைக் குலைத்துவிடும். ஒரு சோதனையில் உணரியின் தரவுக் கம்பி தாழ்நிலையில் சிக்கிக்கொண்டது. நான் பயன்படுத்திய நிரல் நூலகம் பிழையைத் தெரிவிக்காமல் கடைசி மதிப்பையே திருப்பித் தந்துகொண்டிருந்தது. இலக்கைவிட 20 சென்டிமீட்டர் மேலே இருப்பதாக நம்பிய கட்டுப்பாடு, அந்த 20 சென்டிமீட்டர் குறையவே இல்லையே என்று உந்தியின் விசையைக் கூட்டிக்கொண்டே போய், ரோபோவைக் குளத்தின் தரையில் அழுத்திப் பிடித்தது. உணரியின் மூல மதிப்பு 24 பிட் எண்; உணரி உயிரோடு இருந்தால் அதன் கடைசி இலக்கங்கள் இரைச்சலால் எப்போதும் சற்றே ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே, தொடர்ச்சியாக 10 அளவீடுகள் ஓர் இலக்கம்கூட மாறாமல் ஒன்றாகவே வந்தால், உணரி இறந்துவிட்டதாகக் கொண்டு ஆழக் கட்டுப்பாட்டை விலக்கும்படி எழுதினேன். சிக்கிய கம்பியை விடுவிக்க, தரவின் தாளத்தைக் குறிக்கும் கடிகாரக் கம்பியில் 9 துடிப்புகளை அனுப்பும் வழக்கமான முறையையும் சேர்த்தேன். கம்பிகளை உயர்நிலையில் பிடித்து வைக்கும் இழுப்பு ரெசிஸ்டர்களை 4.7 கிலோஓமிலிருந்து 2.2 கிலோஓமாகக் குறைத்து, உணரியின் கம்பிகளை உந்திக் கம்பிகளிலிருந்து விலக்கி வைத்த பிறகு இந்தக் கோளாறு மிக அரிதாகிவிட்டது. என்றாலும் அந்தச் சோதனை இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி முதலில் சொன்ன ஊசலாட்டத்துக்கு வருகிறேன். அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன.

முதல் காரணம் தாமதம். அழுத்த உணரி தன் உச்சத் துல்லியத்தில் அழுத்தத்தை அளக்க ஏறத்தாழ 20 மில்லிவினாடியும், வெப்பநிலையை அளக்க மேலும் 20 மில்லிவினாடியும் எடுத்துக்கொள்கிறது. நூலகத்தின் நிரல் அந்த நேரம் முழுவதும் கைகட்டிக் காத்திருந்தது. அதனால் என் கட்டுப்பாட்டுச் சுற்று எதிர்பார்த்ததைவிட மெதுவாகவும், சீரற்ற இடைவெளிகளிலும் ஓடியது. பிஐடியில் மாற்ற வேகத்தைப் பார்க்கும் வகையீட்டுப் பகுதி, ஆழ மாற்றத்தை நேர இடைவெளியால் வகுத்துக் கிடைப்பது. நான் இடைவெளியை மாறாத எண்ணாக வைத்திருந்ததால், கணக்கிடப்பட்ட வேகம் பொய்யாக இருந்தது. அளவீட்டைத் தொடங்கிவிட்டு வேறு வேலைகளைப் பார்த்து, நேரம் கழிந்ததும் திரும்பி வந்து விடையை வாங்கிக்கொள்ளும்படி நிரலை மாற்றி எழுதினேன். உண்மையான நேர இடைவெளியையும் ஒவ்வொரு முறையும் அளந்து பயன்படுத்தினேன். இதனால் ஊசலாட்டம் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்குக் காரணம் உந்திகளில் இருந்தது. இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் துடிப்பின் நீளத்தால் கட்டளை தரப்படுகிறது: 1500 மைக்ரோவினாடி என்றால் நிறுத்தம், 1900 என்றால் முழு முன்வேகம், 1100 என்றால் முழுப் பின்வேகம். ஆனால் 1500-க்கு இருபுறமும் ஏறத்தாழ 25 முதல் 30 மைக்ரோவினாடி வரை எதுவும் நடக்காது. அந்த இடைவெளியைத் தாண்டியதும் மோட்டார் மென்மையாகத் தொடங்குவதும் இல்லை. உள்ளே நிலை உணரி இல்லாத இவ்வகை மோட்டார்கள், சுழற்சியால் எழும் எதிர் மின்னழுத்தத்தைக் கொண்டே தம் நிலையை அறிகின்றன. மிகக் குறைந்த வேகத்தில் அந்த மின்னழுத்தம் புலப்படாது என்பதால், அவை ஒரு குறைந்தபட்ச வேகத்தில் சட்டென்று தாவியே தொடங்குகின்றன. என் ரோபோவை நான் மிகுந்த கவனத்துடன், மிதக்கவும் மூழ்கவும் செய்யாத துல்லியச் சமநிலைக்கு எடையிட்டிருந்தேன். அதன் விளைவாகச் செங்குத்து உந்திகள் எப்போதும் அந்தச் செயலற்ற இடைவெளியைச் சுற்றியே இயங்க வேண்டியிருந்தது. சிறிய விலகலுக்கு உந்தி அசையாது. விலகலைக் கூட்டிச் சேர்க்கும் தொகையீட்டுப் பகுதி பொறுமையாகக் கூடிக் கூடி இடைவெளியைத் தாண்டும்போது உந்தி தேவைக்கு மேல் தள்ளிவிடும். பிறகு அதே கதை எதிர்த்திசையில் நடக்கும். இப்படிப்பட்ட அமைப்பில் பிஐடி எண்களை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் ஊசலாட்டம் வேறு வடிவம் எடுக்குமே தவிர, அடங்காது.

சரிசெய்த விதம் மிக எளியது. சட்டகத்திலிருந்து 200 கிராம் எடையைக் கழற்றினேன். இப்போது ரோபோ இயல்பாகவே மெல்ல மேலெழ விரும்பும். அதைக் கீழே பிடித்து வைக்கச் செங்குத்து உந்திகள் ஒவ்வொன்றும் எப்போதும் ஏறத்தாழ 100 கிராம் விசையில், ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அவை செயலற்ற இடைவெளிக்குள் நுழைவதே இல்லை. கட்டுப்பாட்டின் திருத்தங்கள், ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் விசிறியின் வேகத்தைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்கின்றன. இந்த நிலையான விசையைத் தொகையீட்டுப் பகுதி தானாகக் கற்றுக்கொள்ளட்டும் என்று விடாமல், மாறாத ஒரு கூட்டாகக் கட்டளையிலேயே சேர்த்துவிட்டேன். அன்றைய பதிவில் ஆழம் 3 சென்டிமீட்டருக்குள் நின்றது. பேட்டரி சற்று விரைவாகத் தீர்வது இதற்கான விலை; மின்சாரம் அறுந்தால் ரோபோ தானாக மேலே வந்துவிடும் என்ற பாதுகாப்பும் கூடவே கிடைப்பதால், அந்த விலையை நான் மனமுவந்து கொடுக்கிறேன். நன்னீரில் சரிசெய்த எடை கடலில் செல்லாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 முதல் 3 விழுக்காடு வரை கூடுதல் என்பதால், 9 லிட்டர் நீரை விலக்கும் பொறிக்கு அங்கே இன்னும் 250 கிராம் அளவுக்கு எடை சேர்க்க வேண்டியிருக்கும்.

உந்தியின் விசை கட்டளைக்கு நேர்விகிதத்தில் இருக்காது என்பதையும் அளந்தே தெரிந்துகொண்டேன். ஒரு நெம்புகோலின் ஒரு முனையில் உந்தியைப் பொருத்தி நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, மறுமுனையைத் தராசின் மேல் அழுத்தும்படி வைத்து, 20 மைக்ரோவினாடி இடைவெளிகளில் விசையைக் குறித்தேன். விசை ஏறக்குறைய சுழற்சி வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பின்பற்றுகிறது. பின்னோக்கிய விசை முன்னோக்கியதைவிடத் தெளிவாகக் குறைவு. இந்த அட்டவணையை நிரலில் வைத்து, "இவ்வளவு விசை வேண்டும்" என்ற கோரிக்கையை "இவ்வளவு மைக்ரோவினாடி" என்று மாற்றும் ஓர் அடுக்கை இடையில் சேர்த்த பிறகு, குறைந்த விசைக்கும் மிகுந்த விசைக்கும் ஒரே பிஐடி எண்கள் பொருந்தின. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கைகளை நனைத்துக்கொண்டு செய்த அந்த அளவீட்டைப் போல் பயன் தந்த வேலை இந்தத் திட்டத்தில் வேறில்லை என்பது என் கருத்து.

நான்கு கிடைமட்ட உந்திகளுக்குக் கட்டளையைப் பிரிப்பது எளிய கூட்டல் கழித்தல் கணக்குதான். ஒவ்வோர் உந்தியும் முன்-பின், பக்கவாட்டு, திரும்பல் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையை, தனக்குரிய கூட்டல் கழித்தல் குறிகளுடன் பெறுகிறது. குறிகளைச் சரிபார்க்க உந்திகளை ஒவ்வொன்றாக, ஓரிரு வினாடிகளுக்கு மேல் போகாமல் ஓட்டிப் பாருங்கள். நீரே மசகாக இருக்கும் தாங்கிகளைக் கொண்ட உந்திகள், காற்றில் நீண்ட நேரம் ஓடினால் தேய்ந்துவிடும். கூட்டுத்தொகை உந்தியின் எல்லையைத் தாண்டும்போது அந்த ஓர் உந்தியை மட்டும் வெட்டிவிடக் கூடாது. நான்கையும் ஒரே விகிதத்தில் சுருக்க வேண்டும். நான் முதலில் தனித்தனியாக வெட்டியதால், முழு வேகத்தில் போய்க்கொண்டே திரும்பும்போது ரோபோ கேட்ட திசையில் போகாமல் பக்கவாட்டில் சறுக்கியது.

திசையைக் காப்பதில் எனக்கு ஏற்பட்ட சிக்கல், பூமியின் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறியும் காந்தமானியால் வந்தது. உந்திகளுக்குச் செல்லும் மின்னோட்டமே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குவதால், வேகத்தைக் கூட்டியவுடன் ரோபோ அசையாமலேயே காட்டும் திசை 20 பாகை வரை விலகியது. நேர்முனைக் கம்பியையும் எதிர்முனைக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி, காந்தமானியை உருளையின் மறுகோடிக்கு நகர்த்தியபோது விலகல் வெகுவாகக் குறைந்தது. குளத்தின் சுவரிலுள்ள இரும்புக் கம்பிகளால் வரும் பிழையை எந்த அளவுத்திருத்தமும் நீக்காது. ஆகவே குறுகிய காலத்துக்குச் சுழல்வேக உணரியையே நம்பி, அதன் மெதுவான நழுவலை மட்டும் காந்தமானியைக் கொண்டு சிறிது சிறிதாகத் திருத்தும் முறைக்கு மாறினேன். 359 பாகையிலிருந்து 1 பாகைக்குத் திரும்ப வேண்டிய விலகல் 2 பாகைதான். வெறுமனே கழித்தால் 358 என்று வரும், ரோபோவும் ஒரு முழு வட்டம் அடிக்கும். விலகலை எப்போதும் கழித்தல் 180-க்கும் கூட்டல் 180-க்கும் இடையில் கொண்டுவந்த பிறகே கட்டுப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

பிஐடி பற்றிச் சொல்ல வேண்டியவை சிலவே. வகையீட்டுப் பகுதியை விலகலிலிருந்து கணக்கிடாமல், அளந்த ஆழத்திலிருந்து கணக்கிட்டால், இலக்கை மாற்றும் கணத்தில் உந்தி திடுக்கிட்டு உதைக்காது. உந்தி தன் எல்லையில் இருக்கும்போது தொகையீட்டைக் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இயக்குபவர் மேல்-கீழ் ஜாய்ஸ்டிக்கை விட்ட அந்தக் கணத்தின் ஆழத்தை இலக்காகக் கொண்டால், ரோபோ தன் வேகத்தால் கடந்து போய்விட்டுத் திரும்பி வரும். செங்குத்து வேகம் ஏறக்குறைய அடங்கிய பிறகு உள்ள ஆழத்தை இலக்காகக் கொள்வதே கைக்கு இயல்பாக இருக்கிறது. இந்தக் கடைசி மாற்றத்தைச் செய்த அன்றுதான், எனக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவர் ஜாய்ஸ்டிக்கை வாங்கி, ஒரு விளக்கமும் கேட்காமல் ரோபோவை ஓட்டினார்.

இவை அனைத்தையும் நானே எழுதியது, ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பியதால். நீருக்கடியில் படம் எடுப்பதோ ஆய்வு செய்வதோதான் உங்கள் நோக்கம் என்றால், ஆர்டுசப் என்ற திறமூல நிரலைப் பயன்படுத்துங்கள். பிக்ஸ்ஹாக் போன்ற பலகைகளில் இயங்கும் அது, ஆழக் காப்பு, திசைக் காப்பு, தொடர்பு அறுந்தால் எடுக்க வேண்டிய நடவடிக்கை ஆகியவற்றையெல்லாம் ஏற்கெனவே தன்னுள் கொண்டுள்ளது. அதைப் பயன்படுத்தினாலும் மின்னழுத்த இழப்பு, காந்த இரைச்சல், எடைச் சமநிலை ஆகியவற்றை நீங்களேதான் தீர்த்தாக வேண்டும்.

நீர்க்கசிவைப் பற்றி ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் அது கட்டுப்பாட்டு அமைப்பை நேரடியாகக் கொன்றது. கம்பி உள்ளே நுழையும் துளைகளை எபாக்சியால் நன்றாக அடைத்திருந்தும் உருளைக்குள் நீர் வந்தது. வெளியே வடத்தின் உறை கீறப்பட்டிருந்த இடத்தில் நுழைந்த நீர், இழைக் கம்பிகளுக்கு நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியே, உறைக்குள்ளாகவே ஊர்ந்து வந்து பலகையின் மேல் சொட்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு கம்பியின் உறையையும் துளைக்குள் இருக்கும் இடத்தில் சிறிது உரித்து, இழைகளுக்கிடையே சால்டரை ஊறவிட்டு, அதைச் சுற்றி எபாக்சியை நிரப்புகிறேன். ஒவ்வொரு முறை நீரில் இறக்கும் முன்னும், கைப்பம்பால் உருளைக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்து 15 நிமிடம் காத்திருந்து, மானியின் முள் நகரவில்லை என்று உறுதிசெய்துகொள்கிறேன். உருளையின் அடியில் உள்ள கசிவு உணரி நனைந்தால் கரைத்திரையில் சிவப்பு எச்சரிக்கை தோன்றும். ஆனால் ரோபோ தானாக எதுவும் செய்யாது. அது ஒரு பாறைக்கு அடியில் இருக்கக்கூடும், மேலேறுவதா பின்வாங்குவதா என்பதைப் படத்தைப் பார்க்கும் மனிதரே முடிவு செய்வது நல்லது என்று நான் கருதுகிறேன்.

இவை எல்லாவற்றையும் கண்டுபிடிக்க உதவியது பதிவேடுதான். ரோபோவுக்குள்ளேயே ஒரு மெமரி கார்டில் நேரம், மூல அழுத்தம், ஆழம், இலக்கு, பிஐடியின் மூன்று பகுதிகள், ஆறு உந்திகளின் கட்டளைகள், பேட்டரி மின்னழுத்தம், கடைசி வரிசை எண் ஆகியவை ஒவ்வொரு சுற்றிலும் எழுதப்படுகின்றன. செயலற்ற இடைவெளிதான் ஊசலாட்டத்தின் காரணம் என்று நான் கண்டது, உந்திக் கட்டளைக் கோடு 1500-ஐச் சுற்றி ரம்பப் பல்லைப் போல் ஏறி இறங்குவதை வரைபடத்தில் பார்த்த பிறகே. பதிவை முதல் நாளிலேயே தொடங்கியிருந்தால் அந்த மூன்று வாரங்கள் மிச்சமாகியிருக்கும்.

கடந்த மாதம் ஓர் ஏரியில் 8 மீட்டர் ஆழத்தில் இறக்கினேன். ஆழம் அசையாமல் நின்றது. திசையோ மெல்ல மெல்ல ஒரே பக்கம் திரும்பியது. பதிவைப் பார்த்தபோது, நீரோட்டம் வடத்தை வளைத்து ரோபோவின் பின்முனையை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்ததும், திரும்பலுக்கான தொகையீட்டுப் பகுதி தனக்கு நான் விதித்த எல்லையில் முட்டி நின்றதும் தெரிந்தது. அந்த எல்லையை உயர்த்துவதைவிட, வடம் சட்டகத்தில் பிணையும் இடத்தைப் பின்முனையிலிருந்து ஈர்ப்பு மையத்துக்கு நேர்மேலே மாற்றுவதே சரியென்று தோன்றுகிறது. அதற்கான வளையத்தைச் சட்டகத்தில் பொருத்தியாயிற்று. இந்த வாரம் மீண்டும் அதே ஏரியில் இறக்கிப் பார்க்கப் போகிறேன்.